பேச்சியிடம் நான் சொன்ன சட்டம்

பேச்சியிடம் நான் பொய் சொன்னேன். "இனிமேல் நீ மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் உன் மேல் கேஸ் வரும், உன் புருஷன் மேலும் வரும்" என்றேன். அப்படி ஒரு சட்டம் கிடையாது. கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அந்தப் பொய்யினால்தான் என் மகன் பிறந்தான்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். இதற்கு மேல் படிக்கப் பிடிக்கவில்லை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நான் கோபக்காரிதான், ஊரே சொல்லும். ஆனால் இதற்காக உங்கள் மேல் கோபப்பட எனக்கு முகம் இல்லை.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோப்பு. அங்கே நின்று கல் எறிந்தால் கோயமுத்தூர் ஜில்லாவில் விழும். வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கடையில் பேசுவது மலையாளம். நான் பத்தாவது வரை தமிழில் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு பஞ்சாயத்து ஆபீசுக்கும் கூட்டுறவு வங்கிக்கும் நடந்து நடந்து மலையாளமும் படிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதை வைத்துத்தான் இந்தப் பாவத்தைச் செய்தேன்.

எனக்கு இரண்டு முறை தங்கவில்லை. மூன்றாவது முறை ஏழாம் மாதம் வரை வந்தது. அப்புறம் குழந்தையும் போய், கருப்பையையும் எடுத்துவிட்டார்கள். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "ஆயுசு மிச்சமாச்சே, அது போதும்" என்றார்கள். அவர்களை எல்லாம் விளக்குமாற்றால் அடிக்க வேண்டும் போல இருந்தது. இரண்டு பேரிடம் வாய்விட்டே சொல்லியும் இருக்கிறேன்.

பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார்: கருப்பைதான் இல்லை, சினைமுட்டை இருக்கிறது. உங்கள் முட்டையும் உங்கள் வீட்டுக்காரர் அணுவும் சேர்த்துக் கருவாக்கி, இன்னொரு பெண்ணின் வயிற்றில் வைக்கலாம். ஆனால் சட்டம் இருக்கிறது. சுமக்கிறவள் கல்யாணமானவளாக இருக்க வேண்டும், தனக்கென்று ஒரு குழந்தை பெற்றவளாக இருக்க வேண்டும், முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் செய்யலாம். காசு கொடுக்கக் கூடாது, பொருள் கொடுக்கக் கூடாது. தானாக மனது வைத்துச் செய்ய வேண்டும்.

தானாக மனது வைத்து! யார் வைப்பார்கள் சொல்லுங்கள்?

என் அக்காவுக்கு வயது தாண்டிவிட்டது. என்னை நங்கையா என்று கூப்பிடுகிற நாத்தனாரைக் கேட்டேன். "நானா? அதெல்லாம் நம்ம சனத்துல ஆகுமுங்களா நங்கையா? எம்பட ஊட்டுக்காரரு தலையில துண்டப் போட்டுட்டுப் போயிருவாரு" என்றாள். அன்றைக்கு அவளோடு சண்டை. ஒரு வருடம் பேசவில்லை. முடியாது என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு என்று எனக்கு அப்போதும் தெரியும். அவள் எங்கள் வீட்டுப் பெண், அதனால் அந்த உரிமை தானாகவே அவளுக்கு இருந்தது. யாரும் காகிதத்தில் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே என் மாமியார்தான் சொன்னார். "ஏன் சாந்தி, அந்தப் பேச்சி இருக்கறாளே. ஒண்ணு பெத்தவதானே?"

பேச்சி யார் என்று சொல்கிறேன். என் கொழுந்தன் கனகராஜ் சாந்தன்பாறையில் ஒரு ஏலக்காய் ஸ்டோருக்கு வேலைக்குப் போனான். பறித்த காயை உலர்த்துகிற இடம் அது. காய் பறிக்க வந்த பேச்சியம்மாளைக் கட்டிக்கொண்டான். அவள் அப்பா அம்மா தெற்கேயிருந்து மலைக்கு வந்த கூலிக்காரர்கள். எங்கள் வீட்டில் அடுப்பு இரண்டு நாள் எரியவில்லை. என் மாமியார், "பேரு பேச்சியாமா? பேயின்னே வெச்சிருக்கலாம்" என்றார். நான் சிரித்தேன். நன்றாகச் சிரித்தேன்.

ஐந்து வருடம் அவள் எங்கள் சமையலறைக்குள் வந்ததில்லை. தீபாவளிக்கு வந்தால் முன்னறையில் பாய் போடுவோம். அவளுடைய மகள் துர்கா உள்ளே ஓடி வந்தால், "அங்க போய் வெளையாடு கண்ணு" என்று நானே கையைப் பிடித்து வெளியே விட்டிருக்கிறேன்.

எங்கள் குலதெய்வம் பொள்ளாச்சிப் பக்கம். மாசி மாதம் எல்லாரும் போய்ப் பொங்கல் வைப்போம். வீட்டுக்கு வந்த மருமகள்கள் ஆளுக்கொரு பானை வைக்க வேண்டும். பானை வைத்தால்தான் அவள் அந்த வீட்டுக்காரி. பேச்சி இரண்டு முறை வந்தாள். இரண்டு முறையும் வேப்பமரத்தடியில் எங்கள் செருப்புக்கும் பைகளுக்கும் காவலாக உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது முறை வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவும் இல்லை.

அவளிடம்தான் போனோம். சேலை, பழம், துர்காவுக்குப் பாவாடை, எல்லாம் எடுத்துக்கொண்டு கார் வைத்துச் சாந்தன்பாறைக்கு. அந்த மலைப்பாதை முழுக்க நான் வாந்தி எடுத்தேன். என் மாமியார் மனப்பாடம் செய்கிறவர் மாதிரி "பேச்சியம்மா, பேச்சியம்மா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பேச்சி எங்களைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது: "யாராச்சும் செத்துட்டாகளாக்கா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அவள் தேநீர் ஆற்றிக்கொண்டே கேட்டாள். கனகராஜ் முகம் மலர்ந்துவிட்டது. ஐந்து வருடமாக வீட்டுக்குள் போக வழி தேடிக்கொண்டிருந்தவன் அவன். பேச்சி மட்டும், "யோசிச்சுச் சொல்லுதேன்க்கா. எங்களுக்கே இன்னொண்ணு வேணும்னு நெனச்சிட்டிருக்கோம்" என்றாள்.

"அது அப்பறம் பெத்துக்க சாமி, ஆரு வேண்டாங்கறா?" என்றார் மாமியார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாசிக்கு நீயும் பானை வெக்கோணும். நம்மூட்டு மருமவ வெளியில நிக்கக் கூடாது" என்றார்.

பேச்சி தேநீர் ஆற்றுவதை நிறுத்தினாள்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். சட்டம் காசு கூடாது என்கிறது. நாங்கள் ஒரு பைசா கொடுக்கவில்லை, யார் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். ஒரு பானை கொடுத்தோம். உரிமையாக ஐந்து வருடம் முன்பே அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு, தேவை வந்தபோது விலையாகக் கொடுத்தோம்.

இரண்டு நாள் கழித்து அவள் போன் செய்து சரி என்றாள்.

அப்புறம் காகிதங்கள். மாவட்ட மருத்துவக் குழுவிடம் எனக்குக் கருப்பை இல்லை என்று சான்றிதழ். அவளுக்கு உடம்பும் மனதும் சரி என்று சான்றிதழ். மூன்று வருடத்துக்கு அவள் பெயரில் மருத்துவக் காப்பீடு. பிறக்கப் போகும் குழந்தை எங்களுடையது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு; எங்கள் பக்கத்துப் பேச்சில் கோடதி உத்தரவு. இத்தனையும் முடிந்த பிறகுதான் கருவை வைப்பார்கள்.

அந்த மாஜிஸ்திரேட் ஒரு பெண். கொஞ்சம் தமிழ் பேசினார். பேச்சியைப் பக்கத்தில் கூப்பிட்டு, "யாராவது நிர்பந்தம் பண்ணினாங்களா அம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றாள். "பெத்துக் கொடுத்துட்டு மனசு தாங்குமா?" என்று கேட்டார். "தாங்கிக்கிடுவேன்ங்கம்மா. அது அவுக பிள்ளைதான. நான் கொஞ்ச நாளு வச்சிருந்து கொடுக்கேன்" என்றாள் பேச்சி. மாஜிஸ்திரேட் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவள் சொன்னது முழுக்க உண்மை. அதில் என் கை எதுவும் இல்லை. ஆனால் மனது என்பது ஒரு நாள் சொன்னதோடு முடிந்துவிடுகிற சமாசாரமா?

முடியாது என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. சம்மதப் படிவத்தில் அதற்காகவே ஒரு வரி வைத்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண், ஆலோசனை சொல்கிறவள், பேச்சிக்கு மலையாளம் படிக்க வராது என்று தெரிந்ததும் உள்ளே போய்த் தமிழ்ப் படிவம் ஒன்று தேடி எடுத்து வந்தாள். "சேச்சி, அவங்களே வாசிக்கட்டும். சந்தேகம் இருந்தா என்னைக் கேட்கட்டும். தெரக்கு வேண்டா" என்று என் கையில் கொடுத்தாள். அவசரப்பட வேண்டாம் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து நான்தான் படித்துக் காட்டினேன். பேச்சி அப்போது எங்கள் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "நீங்களே படிங்கக்கா, நான் எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கையில பிள்ளையே பிறந்திரும்" என்று சிரித்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். "பணமோ பொருளோ வேறு எந்தப் பலனோ பெறவில்லை" என்று வந்தது. "பலன்னா என்னதுக்கா?" என்று கேட்டாள். "காசுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

பிறகு அந்த வரி வந்தது. "கரு கருப்பையில் வைக்கப்படும் முன் எப்போது வேண்டுமானாலும் என் சம்மதத்தைத் திரும்பப் பெற எனக்கு உரிமை உண்டு" என்று இருந்தது.

என் கண் அதைப் படித்தது. வாய் படிக்கவில்லை. அடுத்த வரிக்குத் தாண்டிவிட்டேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை... அப்படிச் சொல்லி உங்களிடம் தப்பிக்கப் பார்க்கிறேனா? இருக்கலாம். தாண்டிய பிறகு திரும்பப் போய் அதைப் படித்திருக்கலாம். ஒரு நொடி போதும். அவள் கண்ணில் நீர் வழிய வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் கடைசி வரை படித்து முடித்துவிட்டு, "அவ்வளவுதான், கையெழுத்துப் போடு" என்றேன்.

மாசியில் அவள் பானை வைத்தாள். புதுப்பானைக்கு மஞ்சள் கட்டிவிட்டு முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். என் மாமியார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "என்ற சின்ன மருமவ" என்றார். என் நாத்தனார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். துர்கா ஓடி ஓடி விறகு கொண்டுவந்து போட்டாள். அன்றைக்குப் பேச்சியின் முகத்தை நான் வாழ்நாளில் மறக்க முடியாது. இவ்வளவு மலிவாகக் கிடைத்ததே என்று எனக்கு இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கரு வைக்கும் நாள். காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். ஆண்கள் இருவரும் கீழே மருந்து வாங்கப் போயிருந்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அக்கா, துர்கா பிறந்தப்ப எனக்கு ரொம்ப ரத்தம் போச்சு."

"யாருக்குத்தான் போகல?"

"அப்படி இல்லக்கா. எஸ்டேட் ஆஸ்பத்திரியில நிக்கலன்னு ஜீப்புல போட்டுத் தேனிக்குக் கொண்டு போனாக. ஜீப்பு முழுக்க ரத்தம். நான் செத்துட்டேன்னே நெனச்சு எங்க அம்மா அழுதுச்சாம். இங்க டாக்டரம்மா கேட்டப்ப சுகப்பிரசவம்னு மட்டும் சொன்னேன். மத்ததச் சொன்னா வேண்டாம்னு அனுப்பிருவாகளோன்னு... பானை வச்சாச்சு பாத்துக்கங்க, அதான் சொல்லல."



"நேத்துல இருந்து பயமா இருக்குக்கா. துர்கா மொகமே கண்ணுல நிக்குது. இப்ப வேண்டாம்னு சொல்ல முடியுமாக்கா?"

இதுதான் அந்த இடம். அவள் என்னிடம் கேட்டாள். அந்த ஆலோசனைப் பெண் பத்தடி தூரத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பேச்சி அவளைக் கேட்கவில்லை. காகிதம் படிக்கத் தெரிந்தவள் நான்தான் என்று என்னைக் கேட்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் என் கரு இருந்தது. எத்தனை ஊசி, எத்தனை நாள் காத்திருந்து உண்டான கரு. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"கோடதி உத்தரவு வந்தாச்சு பேச்சி. நீதான நின்னு சம்மதம்னு சொன்னே? இனி மாட்டேன்னா கேஸ் ஆயிரும். உன்ற பேருலயும் கனகு பேருலயும். கோடதிய ஏமாத்துனதா ஆயிரும். உள்ள தூக்கி வெச்சா துர்காவ ஆரு பாக்கறது?"

துர்காவின் பெயரைத் தேர்ந்தெடுத்துத்தான் சொன்னேன். எது குத்தும் என்று எனக்குத் தெரியும். சண்டை போட்டே வளர்ந்தவள் நான்.

"சரிக்கா" என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரத்தம் போனதைச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். "அதச் சொல்லி டாக்டரக் கொழப்பாத. அப்ப எஸ்டேட் ஆஸ்பத்திரி, இது பெரிய ஆஸ்பத்திரி" என்றேன்.

ஆலோசனைப் பெண் வந்து, "ஓக்கே அல்லே?" என்று கேட்டாள். பேச்சி தலையாட்டினாள். உள்ளே போய்விட்டாள்.

முதல் தடவையிலேயே தங்கியது. என் மாமியார் ஊருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தார்.

அந்த ஒன்பது மாதமும் அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நான் அவளைத் தாங்கினேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே தாங்கினேன். ஆரஞ்சுப் பழத்தை உரித்து, கொட்டை எடுத்துக் கையில் கொடுப்பேன். கால் பிடித்துவிட்டிருக்கிறேன். அவள் ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "இந்தச் சுளை எனக்காக்கா, உள்ள இருக்கவருக்கா?" என் மாமியார் சோற்றில் நெய் ஊற்ற வந்தால், "போதும் அத்தே. அஞ்சு வருசப் பாக்கிய ஒரே நாளுல ஊத்துனா எனக்குச் செரிக்காது" என்பாள். மாமியார் முகம் போகிற போக்கைப் பார்த்து நானும் சிரிப்பேன். பிறகு கிணற்றடிக்குப் போய் நின்றுகொள்வேன்.

ஒவ்வொரு மாதமும் பரிசோதனைக்குப் போனோம். ஒவ்வொரு மாதமும், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். முன் பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை என்று டாக்டரம்மாவிடம் ஒரு வாக்கியம். அவர்கள் தயாராக இருந்திருப்பார்கள். ஆனால், இதை ஏன் முன்பே சொல்லவில்லை, எப்போது தெரியும், யார் மறைத்தது என்று கேட்பார்களே! வராந்தாவில் நான் சொன்னதும் கூடவே வெளியே வந்துவிடுமே! வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். முதல் பொய்யைச் சொன்ன ஒரு நிமிடத்துக்கு ஆசை காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்பது மாத மௌனத்துக்கு என்ன காரணம் சொல்வீர்கள்? நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

குழந்தை பிறந்து பத்து நிமிடத்தில் என் கையில் கொடுத்தார்கள். ஆண் குழந்தை. துணியில் சுற்றி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு... நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து நர்ஸ்கள் ஓடி ஓடி வந்தார்கள். ரத்தம் வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். கனகராஜை ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கருப்பையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று. அவன் என்னைப் பார்த்தான், "அண்ணி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க" என்றான். நான் குழந்தையிடமிருந்து தலையைத் தூக்கவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்து என்னிடம் கேட்டார். முந்தின பிரசவத்தில் இப்படி ஆனதா, உங்களுக்குத் தெரியுமா என்று. "தெரியாதுங்க" என்றேன்.

அவள் பிழைத்தாள். காப்பீட்டிலேயே எல்லாச் செலவும் அடங்கியது. சட்டம் என்னென்ன செய்யச் சொன்னதோ அத்தனையும் நடந்தது. பிறப்புச் சான்றிதழில் தாய் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. எந்த அதிகாரி வந்து எந்தக் காகிதத்தைப் புரட்டினாலும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது.

எனக்கு இல்லாமல் போனது அவளுக்கும் இல்லாமல் போயிற்று. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். "ஆயுசு மிச்சமாச்சே" என்று அவளைப் பார்க்க வந்தவர்கள் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். அடிக்க வேண்டும் போல எனக்கு இருந்த மாதிரி அவளுக்கும் இருந்திருக்கும்தானே? இருந்திருந்தாலும் யாரை அடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

மூன்று மாதம் கழித்துச் சாந்தன்பாறைக்குக் கிளம்பினாள். காரில் ஏறும்போது நான் அழுதேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து, "விடுங்கக்கா. சட்டம்னு இருக்கையில நீங்க என்ன செய்வீக? நீங்களும்தான அதுல மாட்டிக்கிட்டீக" என்றாள்.

அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்!

அதன் பிறகு ஒரு நாள் எங்கள் வக்கீலிடம், யாரோ ஒருவர் கதை மாதிரி கேட்டேன். இப்படிப் பயமுறுத்திச் சம்மதம் வாங்கினால் என்ன ஆகும் என்று. அது பெரிய குற்றம், ஜெயில் வரைக்கும் போகும் என்றார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அதைக் கேட்டு எனக்குப் பயம் வரவில்லை. ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. யாராவது வந்து இழுத்துக்கொண்டு போகட்டும் என்று. ஆனால் யாரும் வர மாட்டார்கள். தெரிந்தவள் நான் ஒருத்தி. அவளுக்கே தெரியாது. அவளிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும். பேச்சி, உன்னால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்க முடியும் என்று. எழுந்து வராந்தாவைத் தாண்டிப் படியிறங்கிப் போயிருந்தால் ஒருவரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று. உனக்கும் கனகுவுக்கும் இன்னொன்று பிறந்திருக்கும் என்று.

இதைச் சொன்னால் யாருக்கு நல்லது? அவளுக்கா, எனக்கா? இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டேன். நீங்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டாம். பதில் தெரிந்துதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. மகனுக்குச் சோறு ஊட்டி முடித்திருந்தேன்.

"அக்கா, இங்க எஸ்டேட்டுல பக்கத்து லயத்து வீட்டுல கலான்னு ஒரு பிள்ள. அவ அக்காவுக்குப் பெத்துக் கொடுக்க ஒத்துக்கிட்டா. வியாழக்கிழம கரு வைக்காக. இப்ப பயந்துக்கிட்டு வேண்டாம்னு அழுகா. நான் சொல்லிட்டேன், கோடதி உத்தரவு வந்த பெறகு மாட்டேன்னா கேஸ் ஆகிரும், புருசனையும் சேத்து உள்ள வச்சிருவாகன்னு. நம்ப மாட்டேங்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. உங்களுக்குத்தான் சட்டம் தெரியும். ஸ்பீக்கர்ல போடுதேன்."

அந்தப் பக்கம் ஒரு பெண் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எங்கேயோ கோழி கத்தியது.

நான் சொன்ன வார்த்தைகள் அப்படியே அந்த மலையில் இன்னொரு பெண்ணுக்கு முன்னால் போய் நின்றிருந்தன. அவற்றைக் கொண்டுபோனவள் பேச்சி. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

"கலா" என்றேன். "நீ வேண்டாம்னு சொல்லலாம் கண்ணு. கருவ உள்ள வெக்கற நிமிசம் வரைக்கும் சொல்லலாம். ஒருத்தரும் ஒண்ணும் பண்ண முடியாது. கேஸெல்லாம் கெடையாது. அந்தப் படிவத்துலயே எழுதியிருக்கும், படிக்கச் சொல்லிப் பாரு."

அந்தப் பெண் அழுவதை நிறுத்திவிட்டாள். "நெசமாங்கம்மா?" என்றாள். "நெசந்தான்" என்றேன்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பேச்சி போனோடு வெளியே வந்திருக்க வேண்டும், காற்றுச் சத்தம் கேட்டது.

"அக்கா... அப்ப எனக்கு மட்டும் எப்படிக்கா?"

சொல்லியிருக்கலாம். இரண்டு வருடம் காத்திருந்த கேள்வி அது. அவளே கேட்டுவிட்டாள். நான் வாயைத் திறந்தால் மட்டும் போதும்.

"அப்ப சட்டம் வேற பேச்சி" என்றேன். "நமக்கு அப்பறம் மாத்திப்போட்டாங்க."

"அப்படியா?"

"ஆமா."

அவள் யோசித்தாள். நம்பிவிட்டாள். என்னை நம்பாமல் அவள் யாரை நம்புவாள்?

"கொஞ்சம் முன்னாடியே மாத்தியிருக்கலாம்லக்கா" என்றாள்.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. "சின்னவன் தூங்குதானா?" என்றாள்.

அவன் தூங்கவில்லை. என் இடுப்பில்தான் இருந்தான்.